பழைய ஆள்

மகன் முத்தையாவுக்கு உன் ஆத்தா சொல்லி எழுதுவது.

இங்கே யாவரும் சுகம் என்று ராவுத்தர் முதல் வரியை எழுதிவிட்டார். அதை அடிக்கச் சொல்லிவிட்டேன். சுகமாக இருந்தால் இந்த மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பஜாருக்கு நடந்து வந்து இவர் கடை வாசலில் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறேன்? ராவுத்தரை உனக்குத் தெரியும். துணிக்கடைக்காரர், தோட்டத்து ஆட்களுக்கு முகம் சுளிக்காமல் கடுதாசி எழுதிக் கொடுக்கிற மனுசன். நான் வாயில் வந்தபடி சொல்கிறேன். அவர் அதை அச்சுப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறார். நான் திட்டுகிற இடம் வந்தால் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதையும் எழுதணுமா தங்கச்சி?" என்கிறார். எழுதத்தான் வேண்டும். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடுதாசி இல்லை. நீ இதை மூலையில் உட்கார்ந்து தனியாகப் படிக்காதே. உன் லயத்து வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாக வாசி. செல்லம்மாவும் அவள் அப்பன் வீரனும் முன்வரிசையில் இருக்கட்டும். இங்கிருந்து அங்கே போய்க் குடியேறிய பழைய ஆட்கள் நாலு பேர் இருப்பார்களே, அவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொள்.

ஆடி மாதம் நீ வந்து, செல்லம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. சோற்றுத் தட்டை உன் முன்னால் வைத்துக்கொண்டே சொன்னேன்: "ஓடுகாலி மக இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. அவ ஆத்தா புத்திதான அவளுக்கும் இருக்கும்?" நீ கையை உதறிவிட்டு எழுந்தவன், வேலை பார்க்கிற லுணுகலைத் தோட்டத்துக்கே நடந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ வரவும் இல்லை, ஆள் மூலமாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் இல்லை. எனக்கும் ரோசம் வந்தது. பெற்றவளை விட எவளோ ஒருத்தி பெரிதாகிவிட்டாளா என்று உன் அப்பாவிடம் தினமும் கத்தினேன். இப்போது அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கேட்டுக்கொள். செல்லம்மாவின் ஆத்தா அழகாயி எவனோடும் ஓடவில்லை. நம் தோட்டத்துக்கு மேலே இருக்கிற மலையில் செத்துக் கிடந்தாள். நானும் உன் அப்பாவும் எங்கள் கண்ணால் பார்த்தோம்.

உனக்கு அவள் முகம் ஞாபகம் இருக்காது. நீ அப்போது கொழுந்துக்கூடைக்குள் ஒளிந்து விளையாடுகிற வயது. நம் லயத்து வரிசையில் அவள் அடுத்த காம்பராவில் குடியிருந்தாள். அந்த நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். இங்கிருந்து நான் ஏதாவது கேட்டால் அங்கிருந்தே பதில் வரும். ஒரே கங்காணியோடு ஒரே கப்பலில் வந்தவர்கள் நாங்கள். மலையில் கொழுந்தெடுப்பதும் பக்கத்து நிரைதான். கல்யாணமான புதிதில் அவள் மழையில் சரிவில் வழுக்கி விழுந்து இடது முழங்கையை முறித்துக்கொண்டாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டினவன் என்ன கட்டினானோ, எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது, அரிவாள் மாதிரி வளைந்தே நிற்கும். கோணக்கையி என்றுதான் தோட்டமே அவளைக் கூப்பிட்டது. அவளுக்கு அதில் கோபம் கிடையாது. "கூடைய மாட்டுறதுக்கு உங்களுக்கெல்லாம் ஆணி வேணும். எனக்கு ஆண்டவன் கையிலயே குடுத்துட்டான்டி" என்று சொல்லிச் சிரிப்பாள். என்னை விட வேகமாகக் கொழுந்தெடுப்பாள், பாவி.

காளானுக்குப் போவதென்றால் நாங்கள் இரண்டு பேரும்தான். ஐப்பசியில் இடி இடித்து மழை விட்ட மறுநாள், வேலை முடிந்த கையோடு தேயிலை மலையைத் தாண்டிக் காட்டு ஓரமாக ஏறுவோம். புற்றைத் தேடிப் போக வேண்டும். விரிந்துபோனால் பூச்சி விழுந்துவிடும், மொட்டாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். மடி நிறையக் கொண்டுவந்து மிளகைத் தூக்கலாக வைத்து அரைத்துச் சமைத்தால் கறி தோற்றுப் போகும். அந்த வருசம் தீபாவளிக்கு முன்னால் எனக்குக் குளிர்காய்ச்சல், கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன். மழைக்காக மத்தியானமே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு வீரன் வந்து, "அழகாயி இங்க இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். கங்காணி வீட்டில் இருப்பாள் என்று நினைத்தோம். அங்கேயும் இல்லை. அப்போதுதான் கடைசி லயத்துச் சடையனையும் காணோம் என்று ஒரு சத்தம் கிளம்பியது. கல்யாணமாகாத பயல், அவனை ஒருவரும் நல்லவன் என்று சொன்னதில்லை. அவ்வளவுதான். இரண்டு பேரையும் ஒரே முடிச்சில் போட்டுக் கட்டியாயிற்று.

தோட்டத்தில் ஒரு ஆள் காணாமல் போவது என்பதே கிடையாது, முத்தையா. நீயும் தோட்டத்தில்தான் இருக்கிறாய், யோசித்துப் பார். செத்தால் புதைக்கிறோம். இல்லையென்றால் ஓடிப்போச்சு. மூன்றாவதாக ஒன்று நம் வாயில் கிடையாது. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டார்கள். சடையன் என்றதற்குச் சத்தமில்லை. அழகாயி என்றதற்கும் சத்தமில்லை. கங்காணி, "ரெண்டும் சேந்து ஓடிருச்சுங்க" என்றார். கணக்கப்பிள்ளை செக்ரோல் பேரேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். பண்டாரவளை ரோட்டில் தேடினோம், பதுளைப் பக்கம் ஆள் அனுப்பினோம், பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் விசாரித்தோம். கீழே இறங்குகிற பாதை ஒன்று விடாமல் பார்த்தாயிற்று. மேலே ஏறுகிற பாதையை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஓடுகிற ஆள் எதற்கு மேலே ஏறப்போகிறான்? மேலே வேலை கொடுக்க வேறு தோட்டம் இல்லையே. காளானுக்குப் போயிருப்பாளோ என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். நான் இல்லாமல் அவள் போவாள் என்றே நான் நினைக்கவில்லை.

பிறகு சடையனை மொனராகலைப் பக்கம் தனியாகக் கண்டதாக ஒருவன் வந்து சொன்னான். அப்போதாவது நமக்கு உறைத்ததா? இல்லை. "பாத்தியா, அவளையும் நடுவழியில விட்டுட்டான்" என்று அதற்கும் ஒரு கதை கட்டினோம். கட்டினவர்களில் நானும் உண்டு, நான்தான் உரக்கச் சொன்னவள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்ற ஆத்திரம் எனக்கு. வீரன் கொஞ்ச நாள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்கு வந்தான். பிறகு பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு லுணுகலைக்குப் போய்விட்டான். வார்த்தை அவனுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. செல்லம்மா ஓடுகாலி மகளாகவே வளர்ந்தாள். அவள் தலை நிமிர்ந்து பேசுவதில்லை என்று நீ சொன்னாயே, அடக்கமான பிள்ளை என்று பெருமையாகச் சொன்னாயே, அது அடக்கமில்லையடா. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் தலைமேல் ஏற்றிவைத்த பாரம்.

இனி மலையில் நடந்ததைச் சொல்கிறேன். நம் புதுத் தொரைக்கு ஒரு கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுத்தியலை எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவார். மண்ணுக்குள் கிடந்து கல்லாய்ப் போன எலும்பு வேண்டுமாம். ஆனைக்கு முந்தின ஆனை இருந்ததாம், மனுசனுக்கு முந்தின மனுசன் இருந்தானாம். இத்தனை நாளும் வெள்ளைக்கல் சில்லுகளைத்தான் பொறுக்கிக்கொண்டு வந்தார். தொரசாணிக்கு வேறு கிறுக்கு. அவருக்குக் காளான் வேண்டும். நல்ல காளானைத் தின்பதற்கு, நாய்க்குடையை மேசைமேல் வைத்துப் படம் எழுதுவதற்கு. பச்சை, சிவப்பு, புள்ளி போட்டது, நாறுகிறது எல்லாம் வேண்டும். எனக்குக் காளான் இருக்கிற இடம் தெரியும் என்று பங்களாவில் சமைக்கிற அப்பு போட்டுக் கொடுத்துவிட்டார். தொரைக்குப் பெட்டி சுமக்க உன் அப்பா, தொரசாணிக்குக் கூடை சுமக்க நான். எனக்கு இரண்டு கூடை. ஒன்று தின்கிறதற்கு, ஒன்று படத்துக்கு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று பனி விலகவே இல்லை. தேயிலையைத் தாண்டி, காட்டைத் தாண்டி, அட்டை கடிக்கக் கடிக்க, புல்மலையை ஒட்டிய சுண்ணாம்புப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். தொரை ஒவ்வொரு பாறையாகத் தட்டிக்கொண்டு வந்தார். தொரசாணி ஒவ்வொரு நாய்க்குடைக்கும் மண்டி போட்டார். இந்த வேகத்தில் போனால் அடுத்த ஞாயிறுதான் வீடு திரும்புவோம் என்று உன் அப்பாவிடம் முணுமுணுத்தேன். "தொரைக்குக் கேக்கப்போவுது, சும்மா வா" என்றார். அந்தப் பாறையில் ஒரு குகை இருக்கிறது. அதன் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய புற்று. அதைச் சுற்றி அவ்வளவு காளான், முத்தையா. வெள்ளை வெளேரென்று மொட்டு மொட்டாக ஒரு அண்டா நிறையும். எனக்கு வயசே மறந்துபோயிற்று. புற்றுக்கு அந்தப் பக்கம் பெரணி அடர்ந்து கிடந்தது. அதற்குள்ளும் வெள்ளையாகத் தெரிந்தது. காலை எட்டி வைத்தேன். காலுக்குக் கீழே கல் நழுவியது. உன் அப்பா என் கம்பளியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கடுதாசியை எழுதச் சொல்ல ஆள் இல்லை. பெரணிக்குக் கீழே தரையே கிடையாது. பாறை பிளந்து கிணறு மாதிரி உள்ளே போகிறது. நழுவின கல் கீழே போய் விழுந்த சத்தம் கேட்க நேரமாயிற்று.

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தொரைக்கோ சந்தோசம் தாங்கவில்லை. பள்ளம் கிடைத்துவிட்டதாம். பெட்டியிலிருந்து கயிற்றை எடுத்து மரத்தில் கட்டி, விளக்கோடு அவரே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு கூச்சல். "கூடை! கூடை கொடு!" என்றார். நான் பொறுக்கிய காளானையெல்லாம் தொரசாணி புல்மேல் கொட்டிவிட்டு, அந்தக் கூடையையே கயிற்றில் கட்டி இறக்கினார். சோற்றுக்குப் போகிற கூடை. அது மேலே வந்தபோது அதில் எலும்பு இருந்தது. பாறையிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி எலும்பின்மேல் வெள்ளைத் தோல் கட்டியிருந்தது. தொட்டால் கல். கல்லாய்ப் போனது என்று தொரை நினைத்ததும் அதனால்தான். காலெலும்பு வந்தது, விலா வந்தது, மண்டை ஓடும் வந்தது. யாரோ எவரோ என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கூடையில் ஒரு முழங்கை வந்தது. மேல் எலும்பும் கீழ் எலும்பும் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. உன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொரை மேலே ஏறி வந்தார். உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, அவருக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார்: "ஏ பொம்பளை! பார்! இது ஆள்! ரொம்ப பழைய ஆள்!"

பழைய ஆள் என்றால் நமக்கு என்ன? கங்காணியோடு முதலில் வந்து இங்கேயே வேர் விட்டவர்கள் பழைய ஆள். பிறகு கடல் தாண்டி வந்தவர்கள் புது ஆள். தொரைக்கும் தெரிந்துபோய்விட்டது, அவரே சொல்கிறார் என்று நினைத்து எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆமாங்க தொரை, பழைய ஆளுதாங்க. நம்ம தோட்டத்துப் பழைய ஆளுங்க" என்றேன். அவர் கண் விரிந்தது. "உனக்குத் தெரியும்? இது பேர் என்ன?" என்றார். "அழகாயிங்க" என்றேன். "அளகாயி! அளகாயி!" என்று தொரசாணியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோனார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். "எல்லா பழைய ஆளும் அளகாயி?" என்று கேட்டார். எனக்கு அப்போதும் புரியவில்லை. "இல்லீங்க தொரை, இவ ஒருத்திதாங்க. கோணக்கை அழகாயி. இவ பொண்ணு லுணுகலையில இருக்குங்க" என்றேன். "ஓ! லுணுகலை! அங்கேயும் அளகாயி இருக்கு! நல்லது, நல்லது. அங்கே போய்த் தோண்டலாம்!" என்றார். அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. மனுசனுக்கு முந்தின மனுசனுக்கு அழகாயி என்று பேர் வைத்துவிட்டார், முத்தையா. கையை வளைத்துக் காட்டி, அந்தக் காலத்து ஆட்களுக்கு மரம் ஏறுவதற்காகக் கை இப்படித்தான் இருக்கும் என்று தொரசாணிக்குச் சைகையில் விளக்கிக்கொண்டிருந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டத் தெரியாத ஒருவன் செய்த வேலையடா அது! எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுத்தியலைப் பிடுங்கியிருப்பேன். உன் அப்பா என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "வாயத் தொறக்காத. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன், தொறக்காத" என்றார்.

உன் அப்பாவை நீ பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருக்கிறாய். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று அவர் செய்ததைக் கேள். எலும்பையெல்லாம் புல்லில் பொதிந்து பெட்டியில் வைத்து அவர் தலையில் ஏற்றினார்கள். தொரசாணி, காளானை விட்டுவிட்டு வரக்கூடாது என்று திரும்ப அதே கூடையில் அள்ளிப் போடச் சொன்னார். தொரையும் தொரசாணியும் முன்னால் பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஓடை திரும்புகிற இடத்தில் பனி மறைத்துக்கொண்டது. உன் அப்பா பெட்டியை இறக்கி வைத்தார். கழுத்து வலிக்கிறது என்பார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து, புல்லை விலக்கி, அந்தக் கையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத மட்டுமாச்சும் நம்ம கொண்டு போவோம். மிச்சத்தக் கேட்டாலும் குடுக்க மாட்டான்" என்றார். கூடையில் காளானுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். லயம் வந்ததும் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு, காளானைப் பங்களாக் குசினியில் கொடுத்தேன். அப்பு அதை வெண்ணெயில் வதக்கி மேசைக்கு வைத்தாராம். நன்றாக இருந்தது என்று தொரசாணி சொல்லியனுப்பினார். நான் என்ன செய்யட்டும்?

மறுநாள் மனம் கேட்காமல் கணக்கப்பிள்ளையிடம் போனேன். இந்த மாதிரி, அது அழகாயி எலும்பு, தொரைக்கு இங்கிலீசில் எடுத்துச் சொல்லுங்கள், புதைக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அழகாயி ஓடிப்போனவ. ஓடிப்போச்சுன்னு செக்ரோல்ல போட்டிருக்கு. ஓடினவ எப்பிடி மலையில செத்துக் கெடப்பா?" என்றார். எழுதினது எழுதினதுதான் என்று கதவைச் சாத்திக்கொண்டார். இந்த இடத்தில் நான் சொன்ன வார்த்தையை ராவுத்தர் எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். நீயே போட்டுப் படித்துக்கொள்.

பெட்டி மாட்டுவண்டியில் பண்டாரவளை ஸ்டேசனுக்குப் போனது. வண்டி பஜாரில் நின்றபோது ராவுத்தர் அதைப் பார்த்தார். பெட்டிப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அழகாயின்னுதான் இருக்கு தங்கச்சி" என்றார். சீமைக்குப் போகிறதாம், கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். திருச்சிச் சீமையில் பிறந்தவள், ஒரு மழைநாளில் மலையேறினவள், பேரோடு கப்பலேறிப் போய்விட்டாள். வண்டி வளைவில் மறையும் வரைக்கும் நின்று அழுதேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று கூட நினைக்கவில்லை. தொரை இப்போது ஒரு கை குறைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார். பள்ளத்திலேயே விழுந்திருக்கும், வருகிற ஞாயிறு திரும்பப் போய்த் தேட வேண்டும், நீயும் கூடையோடு வா என்று எனக்கு உத்தரவு. போவேன், தேடுவேன்.

அந்தக் கை இங்கேதான் இருக்கிறது. புதுக் கலயத்தில் பால் தெளித்து வைத்து, வாயைத் துணியால் கட்டி, லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார் உன் அப்பா. கேட்கிறவர்களிடம் விதை கட்டியிருக்கிறது என்று சொல்கிறோம். செல்லம்மாவையும் வீரனையும் கூட்டிக்கொண்டு நீ உடனே புறப்பட்டு வா. மகள் கையால்தான் அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். முதலில் கருமாதி, பிறகு தை பிறந்ததும் உங்கள் கல்யாணம். எலும்பு வந்த வீட்டில் கல்யாணமா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களை என்னிடம் விடு. நான் கையைத் திருடின சங்கதி இதை வாசித்ததும் தொரை காதுக்குப் போகும் என்று உன் அப்பா பயப்படுகிறார். போகட்டும். தோட்டத்தை விட்டு இறங்கச் சொன்னால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு லுணுகலைக்கே வந்துவிடுகிறோம். வீரன் வந்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வரமாட்டோம்.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் பெற்றவள், ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ கட்டிக்கொள்கிறவள் ஒரு நாள் வீடு திரும்ப நேரமானால் தோட்டத்தில் வேறு எவனைக் காணோம் என்று எண்ணிப் பார்க்காதே. எவனோடு பேசினாள், எங்கே சிரித்தாள் என்று யோசிக்காதே. எழுந்து போய்த் தேடு. கீழே தேடின பிறகு மேலேயும் ஏறித் தேடு. வீரன் நல்லவன்தான், அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் ஊர் சொன்னதை நம்பிவிட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னோம், அவன் ஒற்றை ஆள். அவன் இதைக் கேட்கும்போது பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொள், முத்தையா. கேட்டதும் அவன் எங்கேயாவது எழுந்து ஓடிவிடப் போகிறான்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. இது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீ இதைச் செல்லம்மாவைப் பார்த்து வாசிக்க வேண்டும். அந்தப் பெரட்டு முடிந்து, காய்ச்சலோடு நான் அழகாயி காம்பராவுக்குள் பிள்ளையைத் தூக்கப் போனேன். பிள்ளை கதவோரம் உட்கார்ந்திருந்தது. உள்ளே அம்மிமேல் ஒரு வாழையிலை கவிழ்த்து மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். மிளகும் மல்லியும் வெங்காயமும் வைத்து அரைத்து, சுத்தமாக வழித்து, உருட்டி வைத்திருந்தாள். பெரிய உருண்டை. "மசாலாவ அரைச்சு மூடி வச்சுட்டு ஓடிருக்காளே, என்னா நெஞ்சழுத்தம் பாரு" என்று வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே அதை நான் அள்ளி வெளியே கொட்டினேன். அம்மியைக் கழுவியும் வைத்தேன். ஓடப்போகிறவள் எதற்கு அம்மியில் உட்காரப் போகிறாள் என்று எனக்கு அன்று தோன்றவில்லை, அதற்குப் பிறகு இத்தனை வருசமும் தோன்றவில்லை. அது காளானுக்கு அரைக்கிற மசாலா, செல்லம்மா. ஒரு வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். காய்ச்சலில் வாய் கசந்து கிடந்த எனக்கும் சேர்த்து உன் ஆத்தா அரைத்து வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வந்து அடுப்பு மூட்டத்தான் மலையேறினாள்.